முதல் நாள் மாலையே தொடங்கிவிடும் பண்டிகைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயத்துக்கும் குவான் இம் ஆலயத்துக்கும் போய்வரும் நம்மவர்களுக்கு, அதே தெருவில் 1878ல் திறக்கப்பட்ட மெகைன் அபோத் யூத ஆலயம் இருப்பது தெரிந்திருக்கும். ஆக்ஸ்லி ரைஸில் மனாசே மேயர் 1905ல் கட்டிய செசெட் எல் ஆலயம் தேங் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்திலிருந்து நடக்கிற தூரம்தான். இரண்டும் தேசிய நினைவுச்சின்னங்கள். தமிழ் ஏடுகளில் இவற்றைப் பற்றி எழுதும்போது கட்டடத்தின் வயது, பாக்தாதிலிருந்து வந்த வணிகக் குடும்பங்கள், முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே ஆண்டு முழுக்கக் குழந்தைகுட்டிகளோடு பண்டிகை நடப்பது பெரும்பாலும் செய்தியாவதில்லை. ஆகும்போதும் தேதி ஒரு நாள் பிந்தியிருக்கும். எட்டு இரவு விளக்கேற்றும் ஹனுக்கா பண்டிகை என்றால் ‘யூதர்களின் கிறிஸ்துமஸ்’ என்று தலைப்பு இருக்கும். இந்த இரண்டு பிழைகளையும் திருத்தக் கேட்டே இக்கடிதம். கூடவே, யூத நண்பர் வீட்டுக்கோ ஆலயத்துக்கோ அழைக்கப்படும் வாசகருக்குப் பயன்படும் சில விவரங்கள்.

யூத நாள் பொழுது சாயும்போது தொடங்கி மறுநாள் இருட்டியதும் முடியும். நாட்காட்டியில் ‘செப்டம்பர் 12, யூதப் புத்தாண்டு’ என்று அச்சாகியிருந்தால், விளக்கேற்றி விருந்துக்கு உட்காருவது 11ஆம் தேதி மாலை. 12ஆம் தேதி மாலை பழக்கூடையோடு போய் நிற்பவர் முதல் விருந்தைத் தவறவிட்டவர். வாராந்திர ஓய்வுநாளும் அப்படியே: வெள்ளி சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு வீட்டில் விளக்கேற்றுவார்கள், சனி இரவு மூன்று விண்மீன் கண்ணுக்குத் தெரியும்போது முடிப்பார்கள். ஆக, ஏறக்குறைய 25 மணி நேரம். லண்டனில் டிசம்பரில் இந்த விளக்கை மாலை நான்குக்கு முன்பே ஏற்றியாக வேண்டும்; ஜூனில் ஒன்பது வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியே மறைகிறது. சிறு பிள்ளைகள் உள்ள யூதக் குடும்பத்துக்கு நிலநடுக்கோடு செய்யும் உபகாரம் இது.

தேதி ஏன் ஆண்டுதோறும் நகர்கிறது என்று வாசகர்கள் கேட்பதுண்டு. யூத மாதம் நிலவைப் பின்பற்றி 29 அல்லது 30 நாள். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் சுமார் 354. முஸ்லிம் நாட்காட்டி அந்தப் பதினொரு நாள் குறைவை அப்படியே விட்டுவிடுவதால் நோன்புப் பெருநாள் எல்லாப் பருவங்களிலும் வருகிறது. யூதர்கள் 19 ஆண்டுகளுக்கு ஏழு முறை ஆதார் மாதத்தை இரட்டிப்பாக்கிக் கணக்கைச் சரிசெய்கிறார்கள். தெலுங்குப் பஞ்சாங்கத்தின் அதிக மாசம் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அதனால்தான் ஹனுக்காவின் முதல் சுடர் 2024ல் டிசம்பர் 25 மாலையும், 2025ல் டிசம்பர் 14 மாலையும் ஏற்றப்பட்டது. இந்த 2026ல் அது டிசம்பர் 4. அடுத்த ஆண்டு மீண்டும் 24. கிறிஸ்துமஸோடு சேர்ந்து வருவது கணக்கின் விளைவே தவிர, உறவு ஒன்றும் இல்லை.

விடுப்பு விஷயத்திலும் இந்தத் தவறான தலைப்பு குழப்பம் உண்டாக்குகிறது. ஹனுக்காவில் வேலைக்கும் பள்ளிக்கும் போகத் தடையே இல்லை. சமயக் கணக்கில் அது சிறிய பண்டிகை. வேலை செய்யக்கூடாத நாள்கள் செப்டம்பர், அக்டோபரிலும் பிறகு எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்காவிலும், அதற்கு ஏழு வாரம் கழித்து வரும் யூதப் பெந்தெகொஸ்தே நாளிலும் வருகின்றன. ‘உங்களுக்குத்தான் டிசம்பரில் லீவு கொடுக்கிறோமே’ என்னும் மேலாளர் நல்ல மனதோடு தவறான மாதத்தைச் சொல்கிறார். இவ்வாண்டு புத்தாண்டு செப்டம்பர் 12, 13. கூடாரப் பண்டிகையின் முதலிரு நாள் 26, 27. நிறைவு நாள்கள் அக்டோபர் 3, 4. எல்லாமே சனி, ஞாயிறு. பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் மட்டும் செப்டம்பர் 21, திங்கள். இந்த இரண்டு மாதத்தில் ஒரு யூத மாணவன் வகுப்புக்கு வராமலிருக்கப் போவது அந்த ஒரு நாள்தான். முந்தின ஞாயிறு மாலையே உபவாசம் தொடங்கிவிடும். பதின்மூன்று வயது நிரம்பாத பையனுக்கும் பன்னிரண்டு நிரம்பாத பெண்ணுக்கும் உபவாசக் கடமை இல்லை. ஒன்பதுக்குக் கீழே என்றால் சில மணி நேரம்கூடப் பட்டினி போடக்கூடாது என்பது சட்டம். அன்று யாரையும் ‘ஹேப்பி யோம் கிப்பூர்’ என்று வாழ்த்த வேண்டாம். ‘உபவாசம் இலகுவாகட்டும்’ என்றால் போதும்.

புத்தாண்டின் அடையாளம் ஷொஃபார் என்னும் ஆட்டுக்கடாக் கொம்பு. நூறு முறை ஊதப்படும். ஆனால் ஓய்வுநாளில் ஊதுவதில்லை. இவ்வாண்டு முதல் நாள் சனிக்கிழமை. பிள்ளைகளைக் கொம்புச் சத்தம் கேட்க அழைத்துப் போகிறவர்கள் ஞாயிறு காலையில்தான் போக வேண்டும். வீட்டு மேசையில் பாக்தாதி மரபினர் வைக்கும் தட்டைப் பார்த்தால் நம் சமையற்கட்டு நினைவுக்கு வரும்: பேரீச்சை, காராமணி, சுரை அல்லது பூசணி, மாதுளை, ஆப்பிள். பல குடும்பங்களில் ஆட்டுத் தலையும், மற்ற மரபினர் சிலரிடம் மீன் தலையும் இருக்கும். மீன்தலைக் கறி பிறந்த ஊரில் அதற்கு யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் விளையாட்டு உண்டு. பேரீச்சை ‘தாமார்’, ‘எதிரிகள் தீரட்டும்’ என்பதற்கான எபிரேயச் சொல் அதன் ஓசையில் வரும். காராமணி ‘ருபியா’, ‘பெருகட்டும்’ என்பதன் ஓசை. பிள்ளைகள் சிலேடை புரிந்து சிரித்துவிட்டுத்தான் வாயில் போடுவார்கள்.

குடும்பங்களுக்கு உகந்த ஆலயம் என்றால் மூலையில் விளையாட்டுப் பாய் விரித்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். பண்டிகைகளின் அமைப்பிலேயே பிள்ளைகளுக்கு வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வேலை நடக்க விடுகிற ஆலயம்தான் உகந்தது. கூடாரப் பண்டிகையில் இது நன்றாகத் தெரியும்.

சுக்கா என்னும் அந்தக் கூடாரத்துக்கு மூன்று சுவர் வேண்டும். சுவர் துணியாகவும் இருக்கலாம், ஆனால் காற்றில் படபடக்காதபடி கீழேயும் கட்ட வேண்டும். உயரம் குறைந்தது பத்துக் கைப்பிடி, அதாவது சுமார் 80 சென்டிமீட்டர். கூரைதான் முக்கியம்: மண்ணில் விளைந்து, வெட்டி எடுக்கப்பட்ட தாவரமாக இருக்க வேண்டும். வேரோடு படர்ந்த கொடி செல்லாது; தகரம், பிளாஸ்டிக் செல்லாது. உள்ளே வெயிலைவிட நிழல் கூடுதலாக விழ வேண்டும். நாம் பந்தல் போடுவது மழையை மறிப்பதற்கு. இங்கே நேர்மாறு: மழை ஒழுகவே ஒழுகாத கூரை சரியில்லை, விண்மீன் கொஞ்சம் தெரிய வேண்டும்.

சிங்கப்பூரில் எங்கே தவறுகிறது? முதலாவது, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி. மேல்தளம் தலைக்கு மேல் இருக்கும் பால்கனியில் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அது சுக்கா ஆகாது. வானம் திறந்திருக்க வேண்டும். மரத்தடியும் அப்படித்தான். அதனால் இங்கே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஆலய வளாகத்துச் சுக்காவே வீட்டுச் சுக்கா. ஒரு வாரம் சாப்பாடு அங்கே. ஆலயம் கூட்டுக்குடும்பத்து முற்றமாகிவிடுவது இந்த ஒரு வாரத்தில்தான். இரண்டாவது, ஓலை. பச்சைத் தென்னோலை இந்த வெயிலில் நான்கைந்து நாளில் சுருண்டு இடைவெளி விடும். மூன்று கைப்பிடி, அதாவது 24 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெற்றிடம் நீண்டு விழுந்தால் சட்டச் சிக்கல். முதல் நாளே தேவைக்கு ஒன்றரை மடங்கு போட்டுவிடுவது நல்லது. இரும்புச் சட்டத்தின்மேல் நேராக ஓலை வைக்காமல், குறுக்கே மூங்கில் போட்டு அதன்மேல் பரப்புவார்கள்; கூரையைத் தாங்குவதும் தாவரமாகவே இருக்கட்டும் என்பது எண்ணம். மூன்றாவது, பிள்ளைகள் தொங்கவிடும் அலங்காரம். உண்மையான பழம் தொங்கினால் இரண்டாம் நாளே எறும்பு வரிசை கட்டும். காகிதத் தோரணம் முதல் மழையிலேயே சாயம் கரைந்து சாப்பாட்டில் சொட்டும். லேமினேட் செய்த படம், காய்ந்த சோளக்கதிர், சுரைக்குடுக்கை தாங்கும். நான்காவது மழை. உணவு கெடுகிற அளவுக்கு மழை விழுந்தால் உள்ளே போய்ச் சாப்பிடலாம் என்று சட்டமே சொல்கிறது. பிடிவாதமாக நனைந்துகொண்டு உட்காருவது பக்தியாகக் கணக்கில் வராது. எனவே உள்கூடத்தில் மாற்று மேசைகளை முன்கூட்டியே விரித்து வைக்க வேண்டும். ஓய்வுநாளில் கட்டவும் அவிழ்க்கவும் முடியாது.

அதே வாரத்தில் கையில் பிடிக்கும் நான்கு தாவரங்கள்: நாரத்தை இனத்து எத்ரோக், விரியாத பேரீச்சங்குருத்து ஒன்று, மிர்ட்டில் கிளை மூன்று, வில்லோ கிளை இரண்டு. வில்லோதான் முதலில் வாடும். ஈரத்தாளில் சுற்றி, ஈயத்தாளில் பொதிந்து குளிர்பெட்டியில் வைத்தால் ஓரிரு நாள் கூடுதலாகத் தாங்கும். தண்ணீரில் முக்கி வைத்தால் கறுத்து அழுகும். எத்ரோக்கின் நுனிக்காம்பு முறிந்தால் பழம் தகுதியிழக்கக்கூடும். அதனால் குழந்தை கையில் கொடுக்கும்போது கீழே மெத்தை அல்லது மடி இருக்கட்டும்.

வாரத்தின் முடிவில் சிம்கத் தோரா, மோசேயின் ஐந்து நூல்களான தோராவைக் கொண்டாடும் நாள். உபாகமத்தின் கடைசி வரியைப் படித்து முடித்து, மூச்சு விடாமல் ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்குவார்கள். தோராச் சுருள்களை ஏந்தி ஏழு சுற்று ஆடிப்பாடி வருவார்கள். பாக்தாதி மரபில் சுருள் துணியுறையில் இல்லை. மரத்தாலோ வெள்ளியாலோ ஆன கெட்டியான பேழைக்குள் நிமிர்ந்து நிற்கும், நிற்கவைத்தே படிப்பார்கள். கனமானது. சுருள் கீழே விழுந்தால் பார்த்தவர்கள் உபவாசம் இருப்பது வழக்கம். ஆகவே பிள்ளைகளுக்குக் கொடுப்பது பஞ்சடைத்த பொம்மைச் சுருளும் கொடியும். பதின்மூன்று வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பெரிய தொழுகைச் சால்வைக்கடியில் நிறுத்தி, ஒரு பெரியவரோடு சேர்த்துத் தோரா வாசிப்புக்கு அழைக்கும் காட்சி ஆண்டுக்கு ஒருமுறைதான். சால்வையின் நான்கு முனையையும் உயரமான நான்கு பேர் பிடிக்க வேண்டும்; இல்லையென்றால் நடுவில் தொய்ந்து சின்னதுகள் மூச்சுத் திணறி அழும். வீசுகிற மிட்டாய் மென்மையானதாக இருக்கட்டும். கல்மிட்டாய் கண்ணில் படும், தரையில் நொறுங்கும்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் அதுதான். ‘சைவம்தானே, கொண்டுபோகலாம்’ என்று வீட்டில் செய்த பலகாரத்தை எடுத்துப் போவது. கோஷர் என்னும் யூத உணவு விதி பொருளை மட்டுமல்ல, பாத்திரத்தையும் பார்க்கிறது. கோஷர் அல்லாத இறைச்சி சமைத்த சட்டியில் கிண்டிய கேசரி சைவமாக இருந்தும் ஆகாது. கீரையிலும் பூக்கோசிலும் பூச்சி இருக்கிறதா என்று சோதிக்காமல் தொடமாட்டார்கள். திராட்சை ரசமும் அதிலிருந்து வடித்த வினிகரும் யூத மேற்பார்வையில் தயாரானதாக இருக்க வேண்டும். ஹலால் முத்திரையும் கோஷரும் ஒன்றல்ல. மீனில் துடுப்பும் செதிளும் இரண்டும் வேண்டும். கெளுத்தி, சுறா, இறால், நண்டு, கணவாய் எல்லாம் விலக்கு. இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் கலப்பதில்லை, பாத்திரமும் தனித்தனி. கையை வீசிக்கொண்டு போக மனமில்லையென்றால் வெட்டாத முழுப் பழமோ பூங்கொத்தோ வாங்கலாம். அதுவும் வெள்ளி சூரியன் மறைவதற்கு முன்பு கொடுத்தனுப்பினால் நல்லது. ஓய்வுநாளில் பொதுவழியில் பொருளைத் தூக்கிச் செல்வது அவர்களுக்குத் தடை. இதே விதியால், எல்லைக் கயிறு கட்டிய ‘எரூவ்’ இல்லாத ஊரில் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஆலயத்துக்குக் கொண்டுவர முடியாது. ஓய்வுநாளில் பெண்கள் மாடம் வெறிச்சோடிக் கிடந்தால் ஆர்வக்குறைவு என்று எழுதிவிட வேண்டாம். பிள்ளை இன்னும் நடக்கப் பழகவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். ஆலயத்துக்குச் செல்ல முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும். வாசலில் பை சோதிப்பது எல்லோருக்கும்தான்.

பஸ்காவுக்கு வருகிறேன். எட்டு நாள், இஸ்ரேலில் ஏழு. கோதுமை, வாற்கோதுமை, கம்புக்கோதுமை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் அடுப்பில் வெந்துவிட்டால் அது மாட்சா என்னும் புளிக்காத ரொட்டி. தாண்டினால் புளித்த மாவு. முந்தின இரவு விளக்கைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவார்கள். தேடுவதற்கென்றே பத்து ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைப்பது வழக்கம். துண்டுகளைத் தாளில் மடித்து, எங்கே வைத்தோம் என்று எழுதியும் வைக்க வேண்டும். ஒன்பதுதான் கிடைத்தது என்றால் நள்ளிரவு வரை வீடு தூங்காது.

அரிசி விஷயத்தில் யூதர்களே இரண்டு கட்சி. ஐரோப்பிய அஷ்கெனாசி மரபினர் அரிசி, பருப்பு, பயறு தொடமாட்டார்கள். பாக்தாதியர் அரிசி உண்பார்கள்; ஆனால் வெள்ளைத்துணியில் பரப்பி, இடையில் ஒரு கோதுமை மணிகூடக் கலக்கவில்லை என்று மூன்று தடவை பொறுக்கிப் பார்த்த பிறகே. கல் பொறுக்கிப் பழகிய நம் பாட்டிமார் கைக்கு ஏற்ற வேலை. இரு மரபினரும் கூடும் ஆலய விருந்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘அரிசி உண்டு’, ‘இல்லை’ என்று அட்டை வைக்காவிட்டால் பாதிப் பேர் பட்டினியாக எழுந்து போவார்கள்.

செடர் என்னும் பஸ்கா இரவு விருந்து இருட்டிய பிறகே தொடங்கலாம். இங்கே ஏழே முக்காலாகும். சாப்பாடு வர ஒன்பது தாண்டும். பிள்ளைகள் விழித்திருப்பதுதான் விருந்தின் நோக்கமே: ‘இந்த இரவு ஏன் மற்ற இரவுகள் போல் இல்லை?’ என்று இளைய பிள்ளை கேட்க, பெரியவர்கள் எகிப்திலிருந்து விடுதலையான கதையைச் சொல்ல வேண்டும். தூங்காமலிருக்கக் கொட்டையும் வறுத்த தானியமும் கொடுக்கும் உத்தியைப் பழைய யூதச் சட்டநூலான தல்மூதே பதிவு செய்திருக்கிறது. பிற்பகலில் இரண்டு மணி நேரத் தூக்கமும், தொடக்கத்தில் உப்புநீரில் தோய்க்கும் காய்க்கு அவித்த உருளைக்கிழங்கும் இன்றைய உத்தி. கீரைத்தண்டைக் கொடுத்தால் பசி அடங்காது. நான்கு கோப்பை திராட்சை ரசம், கோப்பைக்குக் குறைந்தது 86 மில்லி. பிள்ளைகளுக்குப் புளிக்காத சாறு. பாக்தாதி வீட்டில் ஒரு பிள்ளை மாட்சாவைத் துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு நிற்கும். ‘எங்கிருந்து வருகிறாய்?’ ‘எகிப்திலிருந்து.’ ‘எங்கே போகிறாய்?’ ‘எருசலேமுக்கு.’ பேரீச்சம்பாகில் வால்நட் தூவிய ஹாரோசெத் அன்றைக்கு மட்டும் செய்கிற பொருளல்ல, அவ்வளவு ருசி. நூறு பேருக்கு ஒரே நீண்ட மேசை போட்டு ஒலிபெருக்கியில் நடத்தினால் கடைசியில் இருக்கும் பிள்ளைக்கு எதுவும் எட்டாது. பத்துப் பேருக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு தட்டு, மூன்று மாட்சா, கேள்வி கேட்க ஒரு பிள்ளை என்று பிரித்தால் நடக்கும்.

பாரசீகத்தில் யூதர்களை அழிக்கத் திட்டமிட்ட அமைச்சன் ஆமானிடமிருந்து எஸ்தர் அரசி அவர்களைக் காத்ததன் நினைவான பூரிமைப் பற்றிச் சுருக்கமாக. எஸ்தரின் சுருள் இரவிலும் பகலிலும் படிக்கப்படும். ஆமானின் பெயர் வருகிற 54 இடங்களிலும் கிலுகிலுப்பை ஆட்டிக் கூச்சல் போடுவார்கள். ஆனால் ஒரு சொல்லும் காதில் விழாமல் போகக்கூடாது என்பதும் விதி. வாசிப்பவர் கையை உயர்த்தும்போது சத்தம் தொடங்கி, இறக்கும்போது நிற்க வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்தால் நாற்பது நிமிடத்தில் முடியும். இல்லையென்றால் ஒன்றேகால் மணி. சுருளின் முதல் வசனம் ‘ஹோது முதல் கூஷ் வரை’ 127 நாடுகளை ஆண்ட அரசனைச் சொல்கிறது. ஹோது என்றால் இந்தியா. ஆண்டுதோறும் உலகத்து யூத ஆலயங்களில் நம் தாய்நிலத்தின் பெயர் உரக்க ஒலிக்கும் இரவு அது.

இனி ஹனுக்கா. கி.மு. 164ல் எருசலேம் ஆலயம் மீண்டும் தூய்மையாக்கப்பட்டதன் நினைவு. எட்டு இரவு, தினம் ஒரு சுடர் கூடும். ஏற்றுவதற்கான துணைச் சுடர் ஒன்று. கூட்டினால் 44 மெழுகுவத்தி, கடைப்பெட்டியிலும் சரியாக அத்தனைதான் இருக்கும். வலப்பக்கத்திலிருந்து வைத்துக்கொண்டு வந்து, ஏற்றுவது மட்டும் இடப்பக்கத்திலிருந்து, அதாவது புதிய சுடரிலிருந்து. இருட்டிய பிறகு அரை மணி நேரமாவது எரிய வேண்டும். பிறந்தநாள் மெழுகுவத்தி பத்து நிமிடம்கூடத் தாங்காது. மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் எதுவுமே தாங்காது. ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பதே அந்த அற்புதம்; எண்ணெய்தான் அதன் மையம் என்பதால் எல்லாம் பொரித்த பண்டம். பாக்தாதியர் செய்யும் ஸங்கூலா நம் ஜிலேபியின் உடன்பிறப்பு. உருளைக்கிழங்கு அடைக்கு ஒரு கிலோ கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம், இரண்டு முட்டை, நான்கு மேசைக்கரண்டி மாவு. துருவிய கிழங்கைத் துணியில் கட்டிப் பிழிந்து, பிழிந்த நீர் தெளிந்ததும் வடித்துவிட்டு அடியில் படிந்த வெள்ளை மாவை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். அடை உடையாமல் பிடிப்பது அதனால்தான். உப்பை முன்கூட்டிப் போட்டால் மீண்டும் நீர் விட்டு எண்ணெய் குடிக்கும். பொரிக்கும் நேரத்தில்தான் போட வேண்டும்.

இவ்வாண்டு முதல் சுடர் டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை. அன்று ஹனுக்கா விளக்கை ஓய்வுநாள் விளக்குக்கு முன்பே, வெளிச்சம் இருக்கும்போதே ஏற்ற வேண்டும். இருட்டிய பிறகும் அரை மணி எரிவதற்கு ஒன்றரை மணி நேர எண்ணெய் தேவை. பொழுது சாய்ந்ததும் ஆலயத்தில் புகைப்படம் எடுக்கக்கூடாது, கைப்பேசியும் கூடாது. உங்கள் புகைப்படக்காரரை 6ஆம் தேதி, ஞாயிறு மாலை அனுப்புங்கள். மூன்று சுடரும் ஒரு துணைச் சுடரும் எரியும், பிள்ளைகளும் விழித்திருப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகர், சிங்கப்பூர்